பற்காரை

1

சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எந்த ஆளிடமிருந்தும் பிறக்கவில்லை. பற்காரை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பல்லில் படியும் ஊத்தை தேய்த்தால் போய்விடும். போகாமல் இறுகிவிட்டால் அது காரை. சுவருக்குப் பூசும் அதே காரை. (இரண்டிலும் கால்சியம். அறிவியலுக்கு இது போதும், கதைக்குப் போதாது.)

2

நாற்காலியில் ஒருவர் படுத்திருந்தார். அவர் ஒரு

இல்லை. தங்கையிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவள் பல் மருத்துவர். வாயைப் பிளந்து கிடப்பவன் அவள் அண்ணன், வானொலியில் செய்தி வாசிப்பவன். நாளைக் காலை குரல் தேர்வு. தேறினால்தான் வேலை நீடிக்கும்.

சிறு கண்ணாடியை உள்ளே விட்டவள் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மஞ்சள் காரை கெட்டியாக நின்றது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டது. பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தக் காரைதான்.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?"

"ஏண்ணா இவ்வளவு நாளா என்கிட்ட காட்டலை?"

"பொம்மைக்கே பல்லைப் பிடுங்கினவ நீ. பயம்தான்."

அவள் சிரிக்கவில்லை. "இதை எடுத்தா பல்லு ஆடும். கையோட வந்தாலும் வந்துடும். எடுக்கலைன்னா உள்ளே இருக்கிற சீழ் தாடைக்கு இறங்கும். உடம்பு வேற கொதிக்குது உனக்கு."

"மாத்திரை போட்டா நாளை வரைக்கும் தாங்காதா?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

3

முதல் வரைவில் அண்ணன் கொத்தனார். காரைக்குப் பொருத்தம் அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே அடித்துவிட்டேன்.*

* பற்காரை என்ற இந்தப் பெயரை முதலில் வைத்தவர் யாரென்று தேடினேன், கிடைக்கவில்லை. சுவரை உற்றுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். உதிரும் வரை காரை எதைத் தாங்கியது என்று தெரிவதில்லை.

4

ஒரு முடிவில் அவள் சுரண்டுகிறாள். அவன் 'செய்திகள்' என்று சொல்லிப் பார்க்கிறான், காற்றுதான் வருகிறது. இன்னொன்றில் மாத்திரை கொடுத்து அனுப்புகிறாள். மறுநாள் வானொலியில் வேறு யாரோ வாசிக்கிறார்கள். அவள்

இரண்டையும் அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்:

"நீ என்ன சொல்றே?" என்றான் அண்ணன்.

"டாக்டராவா, தங்கச்சியாவா?"

"ரெண்டு பேரும் என் வாய்க்குள்ளதானே கையை வெச்சிருக்கீங்க. எவளாவது ஒருத்தி சொல்லுங்க."

அவன் கண்ணை மூடி வாயைத் திறந்தான். அவள் சுரண்டும் கொக்கியின் முனையைக் காரை விளிம்பில் வைத்தாள்.

இனி நான் ஒரு வரி எழுத வேண்டும். கை வரவில்லை. உங்கள் கீழ்ப்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், அழுத்தட்டுமா?