மூன்றாம் அறைக்கு வழி

தான் எழுப்பிய பலகைச் சுவர்கள்மேல் தச்சருக்குக் கொள்ளை கர்வம். இருக்காதா பின்னே! கண்காட்சிக் கூடத்தை மூன்று அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெருப்பக்கம் தனி வாசல் வைத்திருந்தார். பௌத்தத்தின் மூன்று பிரிவுகளில் தேரவாதத்துக்கு ஒன்று, மகாயானத்துக்கு ஒன்று, வஜ்ரயானத்துக்கு ஒன்று. திட்டம் அவர் மச்சினியுடையது. அவள் பொறுப்பில் நடக்கும் முதல் கண்காட்சி. பார்வையிட வரும் பிக்குகள் இருவரும் சரியென்றால்தான் நாலு மணிக்குத் திறப்பு.

"ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படலைன்னா சண்டையே வராது மாமா," என்றாள்.

காவி உடுத்த தேரவாத பிக்கு முதலில் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. முதல் அறையைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். அடுத்து வந்த வஜ்ரயான பிக்கு செவ்வாடைக்காரர், அறுபதைத் தாண்டியவர். மூன்றாம் வாசலில் நின்றவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"இது வழியா நான் எப்படிம்மா வர்றது?"

மச்சினிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"முதல் அறையில இருக்கிற மாதிரி விதிகளை ஏத்துக்கிட்டுத்தான் நான் துறவியானேன். எல்லா உயிரும் விடுபடணும்னு சபதம் எடுத்தது ரெண்டாவது அறை. மந்திரம், மண்டலக் கோலம் எல்லாம் அப்புறம். முதல் ரெண்டு அறையையும் விட்டுட்டு இல்ல, எடுத்துக்கிட்டுத்தான் இங்க வரணும்."

"எங்களுக்கு முதல் அறையே போதும்," என்றார் காவி பிக்கு. "அதுக்கு மேல வேணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இவர் அது வழியா போனா எனக்கென்ன? தாராளமா வழி விடுங்க."

தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ரெட்டைப் பலகை அடிச்சிருக்கேன்! இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

கத்திக்கொண்டே ரம்பத்தை எடுத்தார். அறுத்த பலகையைக் காவி பிக்கு ஒரு முனையில் பிடிக்க, மறுமுனையைச் செவ்வாடைக்காரர் தூக்கினார். இருவர் தலையிலும் மரத்தூள். ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். தச்சருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

மூன்றரைக்குள் இரண்டு சுவரிலும் கோணல்மாணலாக வாசல் வந்துவிட்டது. செவ்வாடைக்காரர் முதல் அறைக்குள் வந்து நின்றார்.

"நீங்க துறவியாகி எத்தனை மழைக்காலம்?"

"இருபத்திரண்டு."

"எனக்குப் பதினாலுதான். துறவுல நீங்கதான் மூத்தவர்."

சொன்னவர், முழங்கால் வலியைப் பாராமல், மகன் வயதுக்காரரின் முன் தரையில் விழுந்து வணங்கினார். எந்தப் பிரிவு என்று இருவருமே பார்க்கவில்லை.

மச்சினி அழுதபடியே போய் முதல் அறையின் தெருக்கதவை விரியத் திறந்தாள். நாலு மணியாக இன்னும் அரை மணி இருந்தது.