ஒரு வருடம் பிந்திய குரல்

அப்போதெல்லாம் மருந்துக்கடை அக்கா வாயசைத்துச் சொன்னது ஒரு வருடம் கழித்துத்தான் காதில் விழும். அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குழாயில் தண்ணீர் வரும் நேரம், கீழ்வீட்டு நாயின் குணம், அக்காவின் குரல் என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எந்த இடத்தில் நின்று பேசினாளோ அதே இடத்தில், அதே சூட்டோடு, அடுத்த வருடம் அந்தப் பேச்சு கேட்கும். அப்போது அவள் அங்கே இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஆளில்லாத சமையலறையிலிருந்து "பால் பொங்குது, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே" என்று சத்தம் வரும். அவளுடைய கணவர் எழுந்து போய், எரியாத அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்காருவார்.

அவருக்குக் கட்டடத்தில் பதறாதவர் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். 'பதறாத காரியம் சிதறாது' என்பதை அவர் நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வார். லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு கத்தினாலும் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். குறை சொல்லக் கூடாது, அவர் கைபட்ட லிஃப்டில் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அவளைப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்லவே இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை, அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சும் இல்லை.

எல்லாம் ஒரு பாட்டால் வந்தது. மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே முணுமுணுத்து, முணுமுணுத்து, அக்கா சொந்தமாக ஒரு மெட்டு கட்டியிருந்தாள். வார்த்தைகளும் அவளுடையவைதான். பதறாதவர் ஃபோனைப் பார்த்துக் கீபோர்டு பழகியிருந்தார், இடது கை கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும், மற்றபடி தேவலை. "என் குரல் வெளியாளுக்கு எப்படிக் கேக்குதுன்னு ஒரு தடவையாவது எனக்குக் கேக்கணுங்க" என்று அவள் ஒருநாள் கேட்டாள். ஃபோனில் பிடித்துப் பார்த்தார்கள், டப்பாவுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. முறையாக மைக் வைத்துப் பதிய, யோசித்து, யோசித்து, அவர் சம்மதிக்கும்போது பருவமே மாறிவிட்டிருந்தது. ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவளுடைய தம்பி ஒரு மைக்கும், மைக்கையும் கீபோர்டையும் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றும், காதை மூடும் ஹெட்ஃபோனும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான்.

முதல் பதிவில் அவள் குரலைவிட ஃப்ரிட்ஜின் குரல் நன்றாக வந்திருந்தது. ஃப்ரிட்ஜை அணைத்தார்கள், ஃபேன் வந்தது. ஃபேனை அணைத்தார்கள், மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பது வந்தது. அதற்கடுத்த முறை பதறாதவர் கீபோர்டை ஸ்பீக்கரில் அலறவிட்டுக்கொண்டே அவளைப் பாடச் சொன்னார். கீபோர்டு மைக்குக்குள்ளும் புகுந்துகொண்டு, பிரிக்கவே முடியாமல் குழைந்துபோயிற்று. "ஹெட்ஃபோன் எதுக்கு மாமா வாங்கினோம், அழகுக்கா?" என்றான் தம்பி. "அக்காவைத் துணி அலமாரிக்குள்ள நின்னு பாடச் சொல்லுங்க. துணியெல்லாம் எதிரொலியைத் தின்னுடும்." அப்படியே செய்தார்கள். அவருடைய வேலை பேன்ட்டுகளுக்கும் அவளுடைய குளிர்ச் சட்டைகளுக்கும் நடுவே தலையை நுழைத்து அக்கா பாடினாள். அம்சமாக வந்தது. ஒரே குறை, கடுகு வெடிக்கிற மாதிரி ஊடே ஊடே படபடவென்று ஒரு சத்தம்.

கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் என்று தம்பி விளக்கினான். வாங்கிய சத்தத்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. எண் சின்னதாக இருந்தால் குரல் உடனே காதுக்கு வரும், ஆனால் வெடிக்கும். பெரிதாக்கினால் வெடிக்காது, ஆனால் குரல் கொஞ்சம் பிந்தும். "ஒரு படி ஏத்திப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு படி ஏற்றுவது பதறாதவருக்குப் போதவில்லை. பாவம், இயந்திரம், நிதானமாகவே மூச்சு வாங்கட்டும் என்று, திரையில் அந்த எண்ணுக்கான கட்டத்தில் இடம் இருந்தவரை ஒன்பது ஒன்பதாக நிரப்பினார். கம்ப்யூட்டரும் மறுக்கவில்லை. வெடிச் சத்தம் சுத்தமாக நின்றது. அக்காவின் குரலும் நின்றது.

மைக்கில் மட்டுமல்ல, வீட்டில், தெருவில், கடையில், எங்கும். காது மூக்குத் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை புதுசு மாதிரி இருக்கிறது என்றார். அவள் வேலையை விடவில்லை. காலை மாத்திரைக்கு வெளிச்சத்தைக் காட்டுவாள், இரவு மாத்திரைக்குக் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டுவாள். மீதியை மருந்து உறையின் பின்னால் எழுதுவாள். ஆனால் பேசிப் பழகின வாய் சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு அசைந்துகொண்டுதான் இருந்தது. அந்த எண்ணை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஊமை வருடத்தில்தான் பதறாதவர் அந்தத் தப்பைச் செய்தார். கீபோர்டுப் பகுதியை அவர் அழகாக முடித்து வைத்திருந்தார், அதன்மேல் குரல் மட்டும் இல்லை. அது காலியாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் மாடி டீச்சர் நன்றாகப் பாடுவார்கள், மனைவியின் பாட்டு வீணாகாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் அவரைக் கூப்பிட்டார். அக்கா கடையிலிருந்து வந்து பார்த்தபோது அவளுடைய அலமாரிக்குள், அவளுடைய சட்டைகளுக்கு நடுவே, அவளுடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இன்னொருத்தி அவளுடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா கத்தினாள். ஒரு துளி சத்தமில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் கொட்ட, கீபோர்டு அருகே நின்று அவள் கத்தியதைப் பதறாதவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொட்டிக்குள் மீனைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று பின்னால் மச்சானிடம் சொல்லி, அவனிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். டீச்சர் பாடியதை அவர் அன்றைக்கே அழித்தார். கோபம் ஆறி அவளும் திரும்பி வந்தாள். வந்த சில வாரத்தில் ஒரு மத்தியானம், அவர் தூங்குகிறார் என்று நினைத்து, அலமாரியைத் திறந்து உள்ளே நின்று முழுப் பாட்டையும் சத்தமில்லாமல் பாடினாள். கதவிடுக்கில் அவளுடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தே, இதைவிட நன்றாக அவள் இனிப் பாடப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வருடம் நிறைந்த அன்று அலமாரி பாடியது. பாதிப் பாட்டில் நின்று, "என்னங்க, காதுல ஒண்ணுமே கேக்கலையே" என்றது. இருவரும் ஓடிப்போய்த் திறந்தார்கள், துணிதான் இருந்தது. தம்பி வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். "இது என்ன மாமா, யாரோட ஃபோன் நம்பர்?" என்றான். ஒன்பதுகளை அழித்துவிட்டால் அக்காவின் குரல் அந்த நிமிடமே வாயோடு சேர்ந்துகொள்ளும், ஆனால் இடைப்பட்ட ஒரு வருடத்தில் பேசியது, பாடியது, வழியில் இருப்பது எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்றான்.

அக்கா உடனே அழிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். பதறாதவர், "பொறு, அந்த மத்தியானம் பாடினது வரட்டும். அதைப் பிடிச்சு வெச்சுட்டு அழிக்கலாம்" என்றார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் மருந்து உறை ஒன்றை எடுத்து எழுதினாள்: "அதுக்கு முன்னாடி அந்தச் சண்டை வரும்." "வரட்டுமே" என்றார். "நீங்க அதைக் கேக்க வேணாம்" என்று அடியில் எழுதினாள். "அப்படி என்னதான் சொன்ன?" அவள் உறையைக் கசக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வேலைக்குப் போன நேரத்தில் அவளே அழித்திருக்கலாம்தான். கம்ப்யூட்டர் வரைக்கும் போவாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். அந்தப் பாட்டு அவளுக்கும் வேண்டியிருந்தது, அந்த மனிதரும் வேண்டியிருந்தது.

இப்படியே மாதங்கள் போயின. மருந்துக்கடையில் போன வருடத்து வேளைக்கணக்கு கவுண்டருக்கு மேலே தானாகக் கேட்கத் தொடங்க, யாருக்கு எந்த மாத்திரை என்று குழம்பிவிடும் என்று முதலாளி ரேடியோவைச் சத்தமாக வைத்தார். வீட்டில் சண்டை நாள் நெருங்க நெருங்க அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டபிறகு இவர் என்னோடு இருப்பாரா என்கிற ஒரே பயம்தான். ஆத்திரத்தில் கொட்டியது அன்றே விழுந்திருந்தால் அன்றே போயிருக்கும். இப்போது நன்றாக இருக்கிற இரண்டு பேர் நடுவில் அல்லவா வந்து விழப்போகிறது.

அந்த நாளில் பதறாதவர் லீவு போட்டார். ஜன்னலை மூடினார். கட்டடம் கேட்க வேண்டாம் என்று போர்வையைக் கதவில் தொங்கவிட்டார். இருவரும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிற்பகலில் கீபோர்டு அருகே, ஆளுயரத்தில், காற்றிலிருந்து குரல் வந்தது. முதலில் டீச்சரைப் பற்றி, பிறகு பாட்டைப் பற்றி. பிறகு, "லிஃப்ட் மாதிரி ஏறி எறங்கிக்கிட்டே இருந்தீங்களே தவிர, என்னை எங்க கொண்டுபோய்ச் சேத்தீங்க?" என்றது. அதற்கே அவர் தலை குனிந்துவிட்டார். பிறகு குரல் தணிந்தது. "டாக்டர்கிட்ட போலாம் போலாம்னு எத்தனை வருஷம் கெஞ்சினேன். பாப்போம், பொறு, பதறாதன்னீங்க. போனப்போ இனிமே முடியாதுன்னாங்க. என் புள்ளையப் பொறக்கவிடாமப் பண்ணதே நீங்கதான்." அதற்குமேல் அழுகை மட்டும் வந்தது, வெகு நேரம்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக இதைச் சுமந்துகொண்டா எனக்குச் சோறு போட்டாள் என்று அவர் நினைத்தார், பல வருடமாக என்று திருத்திக்கொண்டார். "நெசந்தான்" என்றார். "நீ சொன்னது அத்தனையும் நெசம். நான்தான் காரணம்." அவள் திரும்பினாள். அவள் வாய் அசைந்தது. நான்கைந்து வார்த்தை இருக்கும். சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடி எழுந்தாள்.

பேனா கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. இடையில் நாற்காலி தட்டிக் கவிழ்ந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து, ஒன்பதுகளை ஒன்றுவிடாமல் அழித்து, சின்ன எண்ணைப் போட்டார். அலமாரிக்குள் இருந்த மத்தியானப் பாட்டு, அவள் திரும்பி வந்து சொன்ன சமாதானங்கள், ஒரு வருடத்துப் பேச்சு, எல்லாம் அந்த நொடியில் போயிற்று.

"ஐயோ, பாட்டு" என்றாள் அக்கா. சொன்னது சொன்னவுடன் கேட்டது.

"போகட்டும். இப்ப என்ன சொன்ன?"

அவளுக்குத் தன் குரலைக் கேட்டே கூச்சமாக இருந்தது. "நானுந்தான் உங்ககூடச் சேந்து சும்மா இருந்தேன்னு சொன்னேன்" என்றாள். அன்று அந்த வீட்டில் இருட்டும்வரை இரண்டு பேரும் அழுதார்கள், பேசினார்கள், மறுபடி அழுதார்கள். போர்வை தொங்கியதால் கட்டடத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாட்டை மறுவாரமே பதிந்தார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் லேசாக இருக்கிறது, அவருடைய இடது கை ஓரிடத்தில் தடுக்குகிறது. அக்கா ஹெட்ஃபோனை மாட்டித் தன் குரலைக் கேட்டாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் கட்டைக் குரல், ஆனால் பரவாயில்லை என்றாள். அந்தப் பதிவை இப்போது கட்டடத்தில் எல்லோரும் ஃபோனில் வைத்திருக்கிறார்கள், டீச்சர் உட்பட. அதில் அக்கா முதல் வரியைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, "ரொம்ப நல்லா இருக்கு" என்று பதறாதவரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. அவர் அதைச் சொன்னது பாட்டு முழுக்க முடிந்து, அவள் அலமாரியை விட்டு வெளியே வந்தபிறகுதான்; இந்தத் தடவை எண்ணை ரொம்பத்தான் சின்னதாகப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. வெட்டிவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றாள் அக்கா.