நட்சத்திரக் கூட்டின் அடித்தட்டு

விசாரணைக் கடிதம் வந்தது கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் காலையில். கணக்கப்பிள்ளை சிதம்பரநாதன் அதைப் பெரட்டுக் களத்தில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோதே வாசித்துச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை. மாயாண்டி பெண்டாட்டியோடு வர வேண்டும். முப்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து இலங்கையில்தான் இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

மாயாண்டி அசரவில்லை. பெண்டாட்டி பேச்சியம்மாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"நீ ஏன் முழிக்கிற? டயகமப் பக்கம் பழைய தோட்டத்த விட்டு வாறப்ப குடுத்த பத்துச்சீட்டு இருக்குல்ல. எந்த வருஷம் பேரு பதிஞ்சேன்னு அதுல எழுதியிருக்கு. தகரப்பொட்டியில, அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ பத்திரமா வச்சிருக்கேன். ஒரு பய அசைக்க முடியாது."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஃபேக்டரிக்குப் போய்விட்டான். பேச்சியம்மா பேர் கொடுக்கவும் மறந்து நின்றாள். பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பரைப் பத்து நாளைக்கு முன்னால் உருவியெடுத்தவள் அவள்தான்.

ஆண்டுதோறும் மார்கழி பிறந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஆற்றோரத்து மூங்கிலைச் சீவி, துரையின் பங்களா சமையல்கட்டில் வீசுகிற பழைய பேப்பரைக் கேட்டு வாங்கி, மிட்டாய் சுற்றின கலர்த் தாளைப் பிள்ளைகளிடம் பொறுக்கச் சொல்லி, கோதுமை மாவுப் பசை காய்ச்சி, கிறிஸ்மஸுக்கு வாசலில் விளக்காகத் தொங்கவிட நட்சத்திரக் கூடு கட்டுவாள். வரிசையாகக் கட்டின லயத்தில் கிறிஸ்மஸ் கொண்டாடுகிற வேதக்காரர் வீடு மூன்றுதான். அதனால் என்ன? பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பிராவுக்கும் பன்னிரண்டு கூடு. சாமி எதுவானால் என்ன, இருட்டு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானே என்பாள். கடையில் காசு கொடுத்து வாங்கின பொருள் ஒன்றுகூட அதில் இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வருஷம் பங்களாவில் பேப்பர் குறைந்துபோனது. வீட்டில் கிடந்ததையெல்லாம் துழாவினாள். பெட்டி விரிப்பும் கைக்கு வந்தது. அதன் அடியில் கெட்டியான மஞ்சள் கடுதாசி ஒன்று. அவளுக்கும் எழுத்துத் தெரியாது, மாயாண்டிக்கும் தெரியாது. பங்களாக் குப்பையில் வருகிற இங்கிலீசுக் கடுதாசியில் இதுவும் ஒன்றென்று நினைத்தாள். இவ்வளவு கெட்டித் தாள் கிடைத்ததே என்று சந்தோஷம் வேறு. மெழுகுவத்தி நிறுத்துகிற அடித்தட்டுக்கு எப்போதும் சவர்க்காரப் பெட்டி அட்டைதான். இந்தத் தரம் அந்தக் கடுதாசியை நாலாக மடித்து, பசை தடவி, மேலே சிவப்புத் தாள் ஒட்டி, இருப்பதிலேயே அழகான கூட்டுக்கு அடியில் வைத்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது தெரியாமலே அவள் பத்து நாள் நடந்திருக்கிறாள்.

அந்தக் கூட்டை நேற்று சாயந்தரம் பக்கத்துக் காம்பிரா வீரம்மாவின் மகள் மீனம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். "அங்க போயிக் கட்டிக்க. சித்தி நெனப்பா இருக்கட்டும்" என்றும் சொன்னாள்.

அங்கே என்றால் இந்தியா. வீரம்மாவின் புருஷன் பழனியாண்டிக்குப் பிரஜாவுரிமை மறுத்துவிட்டார்கள். எத்தனை வருஷம் இருந்தான் என்று காட்டத் துண்டுக் கடுதாசி இல்லையாம். பொழுது விடியும்போதே மூட்டை முடிச்சோடு அவர்கள் தலவாக்கலைக்கு இறங்கியாயிற்று. பதினொரு மணி ரயில். மன்னாருக்குப் போய்க் கப்பல்.

மாயாண்டியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றாள். நல்ல மனுஷன்தான், கைநீட்டமாட்டான். ஆனால் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததுமே கால் அந்தப் பக்கம் நகர மறுத்தது. அந்தச் சீட்டு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று காலை வீரம்மா போன வழி. பேச்சியம்மா பிறந்தது டயகமவில். இந்தியாவில் தன் ஊர் எதுவென்று கேட்டால் பேர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது.

கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினதும் கங்காணியிடம் வயிற்றுவலி என்றாள். முகம் இருந்த இருப்பைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார். கூடையை மலையிலேயே போட்டுவிட்டுத் தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கினாள்.

பனிமூட்டம் நாலடிக்கு மேல் காட்டவில்லை. அட்டை காலில் ஏறுவது தெரிந்தது, குனிந்து பிடுங்க நேரமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பனி கொஞ்சம் விலகின ரோட்டு முனையில் காக்கிச் சட்டை இரண்டு தெரிந்ததும் பொலிஸ் என்று நினைத்து, வாது வெட்டாமல் உயரமாக அடர்ந்த தேயிலைக்குள் குந்திவிட்டாள். களவாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணி என்று பிடித்துக் கப்பலில் ஏற்றுவார்கள், கேட்டால் காட்ட இப்போது என்ன இருக்கிறது? மூச்சுவிடவும் பயந்து கிடந்தாள். அருகில் வந்தபோது பார்த்தால் மண்வெட்டி தூக்கின ரோட்டு வேலைக்காரர்கள். அவர்கள் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். பாழாய்ப்போன பயத்தால் எவ்வளவு நேரம் போயிற்றோ என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு ஓடினாள்.

பாலத்தைத் தாண்டும்போது ரயில் கூவியது கேட்டது. மீனம்மா நேற்றே மெழுகுவத்தி ஏற்றியிருப்பாளோ என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அதுவரை ரயிலுக்குத்தான் பயந்தாள். இப்போது நெருப்புக்கும் சேர்த்துப் பயந்தாள்.

ஸ்டேசனில் ரயில் வந்து நின்றிருந்தது. நாலைந்து குடும்பங்கள், மூட்டைகள், கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள். வீரம்மா படியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. கடல் தாண்டிப் போகிறவளைக் கூப்பிடுவதா? அதுவும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவா? பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கத்தினாள்.

"அக்கா! வீரம்மாக்கா!"

வீரம்மா திரும்பினாள். நேற்று முழுக்க அழுத முகம். "என்னடி பேச்சி, போறப்பப் பின்னால கூப்புடுற!"

"மன்னிச்சிருக்கா. கூடு. பிள்ளைக்குக் குடுத்த கூடு எங்க?"

ஜன்னலில் இருந்து மீனம்மா எட்டிப் பார்த்தாள். கூட்டை மார்போடு அணைத்திருந்தாள். "இந்தா இருக்கு சித்தி. நேத்து ராவு ஏத்தினோம். ரொம்ப வடிவா இருந்திச்சு."

பேச்சியம்மா ஜன்னலடிக்கு ஓடினாள். ரயிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் குழறக் குழற, பெட்டி விரிப்பையும் கெட்டிக் கடுதாசியையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னாள். பிள்ளை விஷயம் புரியாமல் கூட்டை இன்னும் இறுக்கினாள். "குடுத்திட்டுக் கேக்குறீங்க" என்று அழ ஆரம்பித்தாள். அந்தச் சொல் பேச்சியம்மாவைச் சுட்டது. ஆனாலும் நீட்டின கையை அவள் மடக்கவில்லை.

வீரம்மா ரயில் பெட்டிக்குள் ஏறி, மகள் கையிலிருந்த கூட்டை வாங்கி, அடித்தட்டைப் பிய்த்தாள். மூங்கில் படபடவென்று முறிந்தது. மெழுகு வழிந்து கெட்டியாகியிருந்தது. சிவப்புத் தாளில் காசளவு கருகின ஓட்டை. அதை உரித்தபோது உள்ளே மஞ்சள் கடுதாசி, ஒரு மூலை மட்டும் தீய்ந்து, மற்றபடி முழுசாக இருந்தது.

பழனியாண்டிக்கு எண் மட்டும் படிக்கத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. கீழ முத்திரையும் இருக்கு. இதுதான், தங்கச்சி."

"சாமி!" என்று பேச்சியம்மா வாய்விட்டு அழுதாள். கையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

அதற்குள் கடுதாசியைப் புருஷன் கையிலிருந்து வீரம்மா வாங்கியிருந்தாள். அவள் அதைக் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விரலால் முத்திரையைத் தடவினாள். கார்டு விசில் ஊதினான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் வீரம்மா. "இந்தத் துண்டு இல்லன்னுதான் எங்களத் தொரத்துறாங்களா?"

"அக்கா, குடுங்கக்கா."

"பேச்சி, இதுல ஒங்க ஆளு பேர அழிச்சிட்டு எங்க ஆளு பேர எழுத முடியாதா?"

விளையாட்டாய்க் கேட்கிறாளா, நிசமாய்க் கேட்கிறாளா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள். பேச்சியம்மாவின் பிள்ளை செத்தே பிறந்தபோது மூன்று நாள் அவளை மடியில் போட்டுக் கிடந்தவள் வீரம்மா. அந்த வீரம்மாவைப் பார்த்துப் பேச்சியம்மாவுக்கு இப்போது வந்த பயம் எந்த துரையைப் பார்த்தும் வந்ததில்லை.

ரயில் அசைந்தது. அவள் எட்டி அந்தக் கடுதாசியை வீரம்மாவின் விரலிலிருந்து பிடுங்கினாள்.

வீரம்மா கையை இழுக்கவில்லை. முறிந்த மூங்கிலைப் பொறுக்கி மகள் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பத்திரமா வச்சுக்கடி" என்று மட்டும் சொன்னாள்.

ரயில் வளைவில் திரும்புகிற வரைக்கும் மீனம்மாவின் கை ஜன்னலில் ஆடிக்கொண்டே இருந்தது. தானும் கையை ஆட்ட வேண்டும் என்று பேச்சியம்மாவுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் கடுதாசியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி, யாராவது பறித்துவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றாள்.