நீலச் சக்கரம்

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்குக் கருடனின் முதல் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி வந்தேன். நல்ல இரும்பு தட்டினால் பதில் சொல்லும். ஏழு வருஷமாகத் தினமும் கேட்கிற சத்தம், பாதித் தூக்கத்தில்கூடப் பிடிபடும். இடது பக்க அடிச்சக்கரத்தின் நடுக்குடத்தைத் தட்டியபோது விரிசல் விட்ட பானையைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்டது. விரிசலைக் காட்டிக்கொடுக்கிற சிவப்புத் திரவத்தைத் தடவிக் கால் மணி நேரம் காத்திருந்து, துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் அடித்தேன். வெள்ளையில் மெல்ல ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. முடி கனம்தான், சுண்டுவிரல் நீளம். நல்ல நாளும் அதுவுமாக இது என் கண்ணில் படாமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் தோன்றியது.

கருடன் என்பது பாடாலூருக்குப் பக்கத்தில் ஹைவேஸ் ஓரமாக இருக்கிற 'குதூகலம்' பார்க்கின் ரோலர் கோஸ்டர். நான் அதற்கு ஃபிட்டர். பெரம்பலூரில் ஐடிஐ படித்தவள். வண்டி தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பாமல் கீழேயிருந்து பிடித்துக்கொள்வது அடிச்சக்கரம். அது உடைந்தால் இரண்டாவது வளைவில் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் வேலை பார்க்க முடியாது.

எங்களுக்குக் கிழக்கே, பன்னிரண்டடி மதில் சுவருக்கு அந்தப் பக்கம், 'சிங்காரத் தீவு' இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளக் காடு. தீவு என்பது அந்த முதலாளியின் ஆசை. அங்கே ஓடுகிற ரோலர் கோஸ்டர் சூறாவளி. எங்கள் கருடன் அறுபத்திரண்டு அடி. நாலு வருஷம் கழித்துச் சூறாவளி வந்தபோது அறுபத்தைந்து அடி என்று போர்டு வைத்தார்கள். அதில் மூன்றடி உச்சியில் நட்ட கொடிக்கம்பம். எங்கள் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தடியில் ஃபைபர் கருடன் ஒன்றைச் செய்து உச்சியில் உட்கார வைத்து, அறுபத்தேழு என்று போர்டை மாற்றினார். ஆடிக் காற்றில் அதன் மூக்கு உடைந்து விழுந்துவிட்டது. போர்டில் இன்னும் அறுபத்தேழுதான்.

முதலாளிகள் சண்டை சிரிப்போடு போயிற்று. வண்டிகளைச் செய்தவர்கள் சண்டைதான் கோர்ட்டுக்குப் போனது. கருடனைச் செய்தது கோயம்புத்தூர் கம்பெனி. அதை இங்கே வந்து நிறுத்திக் கொடுத்த இன்ஜினியர் பிரசாத் சார், பிறகு அந்தக் கம்பெனியை விட்டு விலகித் தனியாகப் பட்டறை போட்டார். அவர் செய்த முதல் வண்டிதான் சூறாவளி. எங்கள் வரைபடத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று பழைய கம்பெனி கேஸ் போட்டது. முழுக்க என் சொந்த யோசனை, அதில் இருக்கிற ஒரு நட்டுகூட இதில் பொருந்தாது என்று பிரசாத் சார் எழுதிக் கொடுத்தார். நகல் என்று ருசுவானால் கோர்ட் சூறாவளியைப் பூட்டச் சொல்லிவிடும். சூறாவளி இல்லாவிட்டால் சிங்காரத் தீவில் இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும்தான் மிச்சம். கேஸ் வந்த நாளிலிருந்து இரண்டு பார்க் ஆட்களும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று உத்தரவு. பாடாலூர் ஜோதியக்கா டீக்கடையில்கூட நாங்கள் தனி பெஞ்சு, அவர்கள் தனி பெஞ்சு.

சூறாவளிக்கு ஃபிட்டர் ராசாங்கம் அண்ணன். கருடனை நிறுத்தியபோது இரண்டு பேரும் பிரசாத் சாரிடம் ஒன்றாக வேலை பழகினோம். பார்க் திறப்பதற்கு முன்னால், ஒன்பது மணிக்கு, ஃபிட்டர் தனியாக முதல் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வர வேண்டும் என்பது சார் சொல்லிக் கொடுத்த பாடம். இரண்டு பேரும் அதை விட்டதில்லை. உச்சிக்குப் போனதும் மதிலுக்கு மேலே ஒருவரையொருவர் பார்ப்போம். அண்ணன் கை தூக்குவார். நானும் தூக்குவேன். அதற்குள் வண்டி கீழே விழுந்துவிடும். மூன்று வருஷமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

சிவப்புக் கோட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மேனேஜர் மணிவண்ணன் சாரிடம் போனேன். அடிச்சக்கரம் ஸ்பேர் வேண்டும் என்று ஆடியிலிருந்து நான்கு தரம் எழுதிக் கொடுத்திருந்தேன். கோயம்புத்தூருக்கு அனுப்பியாயிற்று, பதில் இல்லை என்பதுதான் ஒவ்வொரு தரமும் அவர் சொன்னது. இப்போது கம்பெனி பொங்கல் லீவில் பூட்டியிருந்தது. மறுநாள் காணும் பொங்கல். பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கத்திலிருந்தும் வேன் வேனாக வருவார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னைக்கி வேணா பூட்டிப் போட்டுரு. நாளைக்கும் ஞாயித்துக்கெழமையும் மெதுவா ஓட்டிக்க செல்வி."

"சார், மேல இழுத்துட்டுப் போறது மட்டுந்தான் நம்ம செயினு. அங்கேருந்து தானா வருது. அதுகிட்ட மெதுவா வான்னு சொல்ல முடியாது."

அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியாதா என்று கேட்டார். முதல் பெட்டி, முடியாது. தினமும் செக்கிங் நோட்டில் என் கையெழுத்து விழுந்தால்தான் கருடன் ஓடும். போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பண்டிகைக்கு லீவு எடுத்துக்கொள், நாளைக்கு லியோ பிரபு போடுவான் என்றார். லியோ வரதராஜன்பேட்டைக்காரர், கருடனை ஓட்டுகிற ஆள். நல்ல மனிதர். மூன்றாவது பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகிறது. போடு என்றால் போட்டுவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அப்பா அமாவாசை கடைசிவரை அடுத்தவர் வெங்காயக் காட்டில் களை வெட்டியவர். அம்மா மருதாயி இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறாள். அதனாலோ என்னவோ, அந்த நோட்டில் இத்தனை வருஷத்தில் பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் ஒரு தரம்கூட எழுதியதில்லை. ஆனால் என் கையெழுத்து இல்லாமலும் கருடன் ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து கரும்பு தின்னலாம். வண்டியில் இருபத்து நாலு பேர் ஏறுவார்கள்.

பதினொரு மணிக்கு ஜோதியக்கா கடைக்குப் போனேன். ராசாங்கம் அண்ணன் அவர்கள் பெஞ்சில் இருந்தார். நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜோதியக்கா பால் சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் படத்தைக் காட்டினேன். அண்ணன் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அவரிடம் அடிச்சக்கரம் ஸ்பேர் இரண்டு இருப்பது, கருடன் உச்சியிலிருந்து பார்த்ததில், எனக்குத் தெரியும். பிரசாத் சார் எதையும் எழுதி வைக்காமல் காரில் கொண்டுவந்து போடுகிறவர். அவருடைய சக்கரங்கள் நீலம், எங்களுடையது மஞ்சள். வித்தியாசம் சக்கரத்தைச் சுற்றி ஒட்டிய ரப்பரின் நிறம் மட்டும்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும். சொல்லிக்கொண்டதில்லை.

"அங்க நாப்பது பேரு இருக்கோம் செல்வி. எம் பொண்டாட்டி கேண்டீன்ல நிக்கிறா," என்றார். பிறகு, "தரேன். ஆனா அது பொருந்தக் கூடாதுன்னு வேண்டிக்க."

"பொருந்தலன்னா நாளைக்கி லியோ கையெழுத்துப் போடுவாருண்ணே."

அவர் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனார். அரைமணி நேரத்தில் மொபெட்டில் வெங்காயச் சாக்கு ஒன்றோடு திரும்பி வந்து, என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இறக்கினார். திங்கட்கிழமை கம்பெனி திறந்து ஸ்பேர் வந்ததும் இதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னேன். சரி என்று மொபெட்டைத் திருப்பினார்.

மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மாட்டினேன். தட்ட வேண்டியிருக்கவில்லை, அரம் போட்டு ராவ வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்புகிறாற்போல் நழுவிப் போய் உட்கார்ந்தது. அண்ணன் வேண்டிக்கொள்ளச் சொன்னது நடக்கவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை, பயம்தான். ஆளில்லாமல் மூன்று தரம் ஓட்டிவிட்டு நானும் ஏறி வந்தேன். இறங்கித் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. மறுநாள் நோட்டில், இடது அடிச்சக்கரம் மாற்றப்பட்டது, சரி, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கிருந்து வந்தது என்று எழுதும்படி அதில் கட்டம் இல்லை. மணிவண்ணன் சாரும் எப்படிச் சரியாயிற்று என்று கேட்கவில்லை.

காணும் பொங்கலுக்குக் கருடன் நூற்றுப் பன்னிரண்டு சுற்று ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே நின்று இரண்டாவது வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

வினை போனில் வந்தது. வரிசையில் நின்ற கல்லூரிப் பையன் எவனோ வேலிக்கு அடியில் போனை நீட்டி, வண்டி தலைக்கு மேல் போவதை மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துப் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று. மஞ்சள் மஞ்சளாகச் சுற்றுகிற சக்கரங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் நீலம். மணிவண்ணன் சார் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதலாளியே போனில் பேசினார். கேஸை முடித்து வைத்துவிட்டாயே அம்மா, இனி நீதான் சூப்பர்வைசர் என்றார். விரிசல் விட்ட சக்கரத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராசாங்கம் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடைக்குப் போனேன், வரவில்லை. ஜோதியக்கா, நேற்றிலிருந்தே ஆளைக் காணோம் என்றாள். அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் கோயம்புத்தூர் கம்பெனி வந்து இறங்கியது. இன்ஜினியர் ஒருவர், வக்கீல் ஒருவர், வீடியோ எடுக்கிறவர் ஒருவர். ஐந்து மாதம் எழுதியும் வராத ஸ்பேர் சக்கரம் காரின் பின் சீட்டில் புது மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

வீடியோ ஓட, நீலத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இன்ஜினியர் அளந்தார். ஒவ்வொரு அளவுக்கும் வக்கீல் முகம் மலர்ந்தது. கடைசியில் செக்கிங் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"இது எங்கேருந்து வந்துச்சு, யாரு குடுத்தாங்க, ரெண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

பேனாவைத் திறந்தேன். கை கிரீஸாக இருந்தது, சேலை மேல் போட்டிருந்த சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"இது ஏழு வருசமா இங்கயே கெடக்குது சார். கருடன நிறுத்துனப்ப பிரசாத் சார் புது ரப்பர்னு சாம்பிளுக்குக் கொண்டாந்தாரு. வேணாம்னு ஸ்டோர்ல போட்டுட்டுப் போனாரு. வெள்ளிக்கெழமை தேடுனேன், கெடச்சுது."

வீடியோக்காரர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்ஜினியர் அளவுகோலை மடக்கினார். வக்கீலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்போது பிரசாத் நம் ஆள்தானே, அப்படியானால் இது நம் பொருளாகிவிடுமே, கேஸுக்கு ஆகாதே என்று இன்ஜினியரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"செல்வி, யோசிச்சு எழுது," என்றார் மணிவண்ணன் சார்.

"யோசிச்சுத்தான் சார் எழுதுறேன்."

சொன்னதை அப்படியே எழுதினேன். நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினால் ஏழு வருஷத்துக் கையெழுத்து. அவற்றுக்குக் கீழே இதையும் அதே எழுத்தில், அதே வளைவோடு போட்டேன். இனி அந்த நோட்டில் நான் எது எழுதினாலும் எனக்கே ஒரு சந்தேகம் இருக்கும்.

வெளியே வந்தேன். புதுச் சக்கரத்தை மாட்ட வேண்டும், ஒன்பது மணிச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது. மதிலுக்கு அப்பால் சூறாவளியின் செயின் கடகடவென்று இழுக்க ஆரம்பித்தது. ராசாங்கம் அண்ணன் எப்போதும் தலையில் துண்டு கட்டியிருப்பார். மேலே ஏறி வந்த முதல் சீட்டில் ஓர் ஆள் தெரிந்தது. வெயில் நேர் எதிரே அடித்தது. தலையில் இருப்பது துண்டா, வேறு யாருடைய தொப்பியா என்று தெரியவில்லை. வண்டி உச்சிக்கு வந்து ஒரு கணம் நின்றது. கீழேயிருந்து கையைத் தூக்கினேன்.