ஆடியில் பிரிக்காத பெட்டி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. நேரு வீதியில் ஒரு செல்போன் கடையின் மாடியில், பதினேழாம் எண் டோக்கனைச் சுருட்டிப் பிரித்துச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காத்திருந்ததும் ஓர் இலவசத்துக்காகத்தான். என் புது போனோடு ஐந்து செயலிகள் ஓராண்டுக்கு இலவசம் என்று பெட்டியில் போட்டிருந்தது. கடைக்காரர் பில்லைப் பார்த்துத் திறந்துவிட வேண்டும். ஐந்தில் ஒன்று எழுதுவதற்கானது. அதில்தான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டேன். விட்டதை இந்தச் செயலி அழிப்பதில்லை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நிறுத்திவைக்கிறது. அவற்றைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அங்கம்மாளுக்கு இரண்டு வருடங்களாகக் காது கேட்பதில்லை."

(எல்லாத் தகவலும் இருக்கிறது. அங்கம்மாள் மட்டும் இல்லை.)

இரண்டாவது: "கடல் பேசுவதை நிறுத்திய நாளில்"

(முடிக்கவில்லை. அங்கம்மாளிடம் கடல் எப்போதும் பேசியதில்லை. சத்தம் போட்டது, அவ்வளவுதான். பேச வைப்பது என்னைப் போன்றவர்களின் பழக்கம்.)

மூன்றாவதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த மாடியின் மூன்று சுவர்களிலும் விற்பனைக்கு வைத்த டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆழ்கடல். நீல வெளிச்சத்தில் மஞ்சள் மீன்கள் ஒரு திரையின் விளிம்பில் மறைந்து அடுத்த திரையில் முளைத்தன. ஒலியை நிறுத்தியிருந்தார்கள். குளிர்சாதனம் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. வெளியே ஆவணி வெயில் கொதிக்க, உள்ளே நாங்கள் தண்ணீருக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. டோக்கன் எண்கள்கூட மிதந்துதான் வந்தன.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இதெல்லாம் கொழம்புக்கு ஆவாது!"

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுக்கா. அதான் சத்தமா பேசுவாங்க. தப்பா நெனைக்காதீங்க."

3

அவளைச் சங்கவி என்று வைத்துக்கொள்வோம். அம்மா அங்கம்மாள். (பெயர்களை மாற்றிவிட்டேன். குப்பத்தை மாற்ற முடியவில்லை. மாற்றினால் வீடுகளின் சுவர்கள் தள்ளிப் போய்விடும். சுவர்கள் ஒட்டியிருப்பது இந்தக் கதைக்குத் தேவை.)

சங்கவி துணிக்கடையில் பில் போடுகிறாள். அவர்களுக்கு டோக்கன் பதினெட்டு. அவர்களும் அதே இலவசத்துக்காகத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது வேறு செயலி. காதில் இயர்போனை மாட்டி, போனை எதிராளியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால், பேச்சைப் பெருக்கிக் காதுக்குள் கொடுக்கிறது அது.

"கவர்மெண்ட்ல மெஷின் ஒண்ணு குடுத்தாங்கக்கா. காதுக்குப் பின்னாடி மாட்டுறது. போட மாட்டேன்னுட்டாங்க. செவிடின்னு எழுதி ஒட்டிக்கிட்டா மார்க்கெட்டுக்குப் போறதுன்னாங்க. இயர்போன்னா பாட்டு கேக்குறாங்கன்னு நெனச்சிப்பாங்க, இல்ல?"

"வேற ஆப்பெல்லாம் சும்மாவே கிடைக்குமே?"

"ஒண்ணு போட்டுப் பாத்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நகைக்கடை விளம்பரம் பாடுது. எங்கம்மா, யாருடி அவ, என் காதுக்குள்ள வந்து செய்கூலி இல்லன்றான்னு பயந்து கழட்டிப் போட்டுட்டாங்க."

நான் சிரித்தேன். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அங்கம்மாளும் சிரித்தார். அவருக்கு வியாபாரத்தில் சிக்கல் எதுவும் இல்லை. விலையை விரலில் காட்டுவார்கள், இவர் விரலை மடக்குவார். வீட்டில்தான் பேச்சு நின்றுபோயிருந்தது. சாப்டியா, தண்ணி வந்துடுச்சி, கதவ சாத்து. கத்திச் சொல்லத்தக்கவை மட்டுமே அந்த வீட்டில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தன.

"நீங்க டீச்சராக்கா?"

"இல்லம்மா. கதை எழுதுவேன்."

"ஐயோ, என்னை எழுதிடாதீங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, அம்மாவின் தோளுக்கு மேலாக, சாதாரணக் குரலில்:

"ஆவணி இருபத்தாறு எனக்குக் கல்யாணம்க்கா. எனக்கு வேணாம். அத அம்மாகிட்ட சொல்றதுக்குத்தான் இந்த போனு."

அங்கம்மாள் எங்கள் இருவருக்கும் நடுவில், எங்கள் முழங்கைகள் தொடும் தூரத்தில், மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

(இந்த இடத்தில் வாசகர் கேட்கக்கூடியவற்றை நானும் கேட்டேன்.)

எழுதிக் காட்டலாமே? அங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சைகை? பெண் பார்க்க வந்த அன்று சங்கவி தலையை ஆட்டி ஆட்டிக் காட்டியிருக்கிறாள். "வெக்கப்படுறா" என்று அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்திருக்கிறார். சித்தி மூலமாக? "சித்திகிட்ட சொல்றதுக்கு மைக்கு போட்டே சொல்லிடலாம்." கத்திச் சொன்னால் பக்கத்து வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீடு மாப்பிள்ளையின் மாமா வீடு. கடற்கரைக்கு அழைத்துப் போய்? அங்கே படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டு மாமாவே உட்கார்ந்திருப்பார்.

ஆக, மெதுவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய ஊரில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போனை ஆடி இரண்டாம் தேதி வாங்கினாள். ஆடித் தள்ளுபடி. நானும் அதே தள்ளுபடியில்தான் வாங்கினேன். ஆடியில் வாங்குவோம், ஆவணியில் தொடங்குவோம். புடவையும் மிக்சியும் அப்படித்தான் நம் வீடுகளுக்குள் வருகின்றன. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடைப் படியிலேயே பெட்டியைப் பிரித்துவிட்டேன். அங்கம்மாளோ மகள் கொண்டுவந்த பெட்டியை வாங்கி, மாரியம்மன் படத்தின் கீழே வைத்துக் குங்குமம் இட்டு, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆடிப்பெருக்கு அன்னைக்காவது பிரிக்கலாம்மான்னு கத்திப் பாத்தேன்க்கா. அன்னைக்குத் தாலிக்கயிறுதான் மாத்துவாங்க, போனுமா மாத்துவாங்கன்னாங்க. தெருவே சிரிச்சிது."

அங்கம்மாளுக்கும் அந்தப் பெட்டி தேவைப்பட்டது. அதனால்தான் அவ்வளவு பத்திரம். கல்யாணத்தன்று மேளம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நல்ல மாதம், நல்ல நாள், முதல் ஒலி. ஆவணி முதல் ஞாயிறு பெட்டியைப் பிரித்தார்கள்.

செயலி திறக்கவில்லை.*

* பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்: சாதனம் புதியதாக இருக்க வேண்டும். பழுதுநீக்கி விற்றவை சேராது. பில் தேதியிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் முதன்முறையாக இயக்கியிருக்க வேண்டும். ஒரு சாதனத்துக்கு ஒரு முறை மட்டும். (இதை எழுதியவருக்கு ஒரு மாதம் முழுக்க ஒரு பெட்டியைச் சாமி முன்னால் வைத்திருப்பார்கள் என்று தோன்றியிருக்காது. அவரை நான் கதாபாத்திரமாக்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில், ஜன்னலோரம், இருபத்தொன்று என்று தட்டச்சு செய்துவிட்டுத் தேநீருக்கு எழுந்து போகிறார். அதற்கு மேல் அவர் வளரவில்லை.)

5

சங்கவியை நான் சந்தேகிக்கத் தொடங்கியது நான்காவது தொடக்கத்தில்.

ஏன் வேண்டாம் என்கிறாள்? காரணம் இல்லாத மறுப்பைக் கதையென்று பத்திரிகைக்கு அனுப்ப முடியாது. மாப்பிள்ளை முகிலனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன். "முகிலன் அன்று மாலை" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். சங்கவிக்கு முதலியார்பேட்டையில் ஒரு காதலனைக் கொடுத்தேன். அவன் ஒரு பத்தி முழுக்க பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், போகவே இல்லை. மேலே படிக்க ஆசை என்று எழுதினேன். அவளே வந்து அழித்தது போல அந்த வரி மங்கியது.

அன்று அவள் சொன்னது இதுதான்: "அவரு நல்லவருதான்க்கா. கொறையே சொல்ல முடியாது. அவரப் பாக்கும்போது எனக்குள்ள ஒண்ணுமே அசைய மாட்டேங்குது. இத எப்படிக்கா கத்தி சொல்றது?"

எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடங்கள். அவள் கேட்டபோது நான் என் டோக்கனைப் பிரித்து நீவினேன். (இதற்கு மேல் இந்த அடைப்புக்குறிக்குள் எழுத ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

பதினேழு. கவுண்டரில் விஜயராகவன் என்று பெயர் குத்திய தம்பி என் பில்லைப் பார்த்தார். இரண்டு விரலில் ஏதோ தட்டினார். ஐந்து செயலிகளும் என் திரையில் பூத்தன. அரை நிமிடம்.

பதினெட்டு.

"லேட்டும்மா. ஆன் பண்ணவே முப்பது நாள் ஆயிடுச்சு. எலிஜிபிள் இல்லன்னு வருது."

"போனு புதுசுதானே சார்? ஸ்டிக்கர்கூட உரிக்கல."

"போன் புதுசுதான். பில்லு பழசு."

"எங்க வூட்ல ஆடியில பிரிக்க மாட்டாங்க சார்."

"எங்க வூட்லயும்தான். எங்கம்மா குக்கர இன்னும் பிரிக்கல. நான் இன்னா பண்ணட்டும், சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. கிரெடிட் கார்டு இருந்தா பணம் கட்டிச் சேந்துக்கலாம்."

கார்டு இல்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

"இன்னாடி சொல்றான்?" என்றார் அங்கம்மாள். எல்லோரும் திரும்பினார்கள். "கேக்குமாமா? மேளம் கேக்குமாமா?"

சங்கவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டவில்லை. ஆட்டினால் என்னவாகப் புரிந்துகொள்வாரோ என்று பயந்திருக்கலாம்.

நான் படிவரை போய்விட்டேன் என்பதையும் எழுத வேண்டும். என் பைக்குள் அந்தச் செயலி இருந்தது. அது எனக்குத் தேவையே இல்லை. எனக்கு நன்றாகக் கேட்கும். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே பிழைக்கிறவள். இரண்டு படி இறங்கினேன். (முதல் வரைவில் இந்த இரண்டு படிகள் இல்லை. சட்டென்று திரும்பி போனை நீட்டும் பெண்ணாக என்னை எழுதியிருந்தேன். அழகாக இருந்தாள்.)

பிறகு ஏறி வந்து போனை நீட்டினேன்.

7

மாடியின் கோடியில், திரைகளுக்குக் கீழே, இருவரும் உட்கார்ந்தார்கள். சங்கவி இயர்போனை அம்மாவின் காதில் வைத்து முடியை ஒதுக்கிவிட்டாள். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். உதடுகள் அசைந்தன. நீல வெளிச்சம் இருவர் முகத்திலும் ஓடியது. நான் பத்தடி தள்ளி நின்றேன்.

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேசினாள். அங்கம்மாளின் பதில்கள் கேட்டன. எனக்கு மட்டுமல்ல, மாடிக்கே கேட்டன. அவருக்குத் தன் குரலின் அளவு மறந்துபோயிருந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

[          ]

"கேக்குதுடி! ஐயோ, உன் குரலு ஏன் இப்படி ஆயிடுச்சு? பெரிய பொம்பள கொரலாட்டம் இருக்கு!"

[          ]

"அழுவலடி. சொல்லு."

[          ]

"முகிலனா? இன்னா பண்ணான்?"

[          ]

"ஒண்ணும் பண்ணலன்னா பின்ன இன்னாடி?"

[                                        ]

"எப்பத்திலேருந்து?"

[          ]

"நான் பொட்டிய பூட்டுனப்பவே உனக்குத் தெரியுமா?"

[          ]

விஜயராகவன் பத்தொன்பதைக் கூப்பிடவில்லை. பத்தொன்பதும் எழுந்திருக்கவில்லை. மீன்கள் மட்டும் சுவர் மாறிக்கொண்டிருந்தன.

8

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது.

(அ) அங்கம்மாள் புடவைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைக்கிறார். "அவங்க வூட்டுக்கு நானே போறேன். நீ வராத. எவ்ளோ கத்துவாங்க, கத்தட்டும். எனக்குத்தான் கேக்காதே." இயர்போனைக் கழற்றி, சுருட்டி, எழுந்து வந்து என் கையில் வைக்கிறார்.

(ஆ) அங்கம்மாள் இயர்போனைத் தானே கழற்றுகிறார். அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். "கொரகொரன்னுதுடி. ஒண்ணும் வெளங்கல. வா, மேளக்காரன் அட்வான்ஸுக்குக் காத்திருப்பான்." எழுந்து வந்து என் கையில் வைக்கிறார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒன்று நான் பார்த்தது. ஒன்று வீட்டுக்கு வந்து எழுதியது. எது எதுவென்று சொல்லப்போவதில்லை. என்னை எழுதிடாதீங்க என்றாள் அவள். எழுதிவிட்டேன். பாதியையாவது அவளுக்கே விட்டுவைக்கிறேன்.

இன்று ஆவணி இருபது. என் உப்பளம் வீட்டிலிருந்து வைத்திக்குப்பம் வெகுதூரமில்லை. பந்தல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம். இரண்டு நாளாகச் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறேன்.

அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அங்கம்மாள் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போகிறார் என்பது, அடைப்புக்குறிகளுக்குள் மகள் என்ன சொன்னாள் என்பதைப் பொறுத்தது. அந்த இடங்கள் காலியாக இருக்கின்றன. முக்கியமாக, அந்த நீளமானது. எனக்கு வரவில்லை. எதை வைத்தாலும் காரணம் மாதிரி ஆகிவிடுகிறது.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். யாரிடமும் சொல்லாமல் நீங்கள் வைத்திருப்பதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம்.

அவருக்குக் கேட்கிறது.