தண்ணி ஓவர்

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனம் மீனவர் தகவல் மையம் என்று சின்னதாக ஓர் அறை கட்டிக்கொடுத்தது. அதில் ஒரு வயர்லெஸ் செட்டு, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி. கடலுக்குப் போகும் படகுகளுக்கும் கைக்கு அடக்கமாக ஆளுக்கொரு செட்டு தந்தார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போனில் டவர் போய்விடும். அதற்கு மேல் இந்தச் செட்டை விட்டால் வேறு வழியில்லை. பன்னிரண்டாவது படித்திருந்ததால் மையத்தின் வேலை இளமதிக்குக் கிடைத்தது. அவள் புருஷன் கதிர்வேலும் கடலுக்குப் போகிறவன்தான்.

வேலையில் சேருவதற்கு முன் சிதம்பரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற சபாபதி சார்தான் வாத்தியார்.

"ஒரே சமயத்துல ரெண்டு பேரும் பேச முடியாதும்மா. பட்டனை அமுக்கினா பேசலாம், விட்டாத்தான் கேக்கலாம். அதனால பேசி முடிச்சதும் 'ஓவர்'னு சொல்லணும். நான் முடிச்சிட்டேன், இனி நீ பேசுன்னு அர்த்தம். உலகம் பூரா இதான் வழக்கம்" என்றார்.

இளமதியும் ஊருக்கு வந்து படகுக்காரர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தாள். சிக்கல் என்னவென்றால், செட்டு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே ஓவர் ஊருக்குள் வந்துவிட்டது. வெயில் அதிகமானால் வெயில் ஓவர். விலை ஏறினால் ரேட்டு ஓவர். படம் முடிந்தால் படம் ஓவர். மணலில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு ஆறு பந்து போட்டால் ஒரு ஓவர். வாய் நீண்டவனைப் பார்த்து ஓவரா பேசாத என்பார்கள். இத்தனைக்கும் மேலே சபாபதி சாரின் ஓவரும் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. ஒரு படகிலிருந்து "மீனு ஓவர்" என்று சத்தம் வந்தது. மீன் அள்ளிக்கொண்டு வருகிறது என்று நினைத்து இளமதி ஐஸ் வண்டிக்குச் சொல்லிவிட்டாள். படகு வெறும் வலையோடு வந்து நின்றது. மீன் தீர்ந்துபோச்சு, இனி கிடைக்காது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் உருகி ஓடியதைப் பார்த்துப் பார்த்து வண்டிக்காரன் அவளைத் திட்டினான். படகுக்காரனும் திட்டினான். "படிச்ச பொண்ணுன்னு உக்கார வச்சா இப்புடித்தான்" என்று இன்னும் இரண்டு பேர் முனகிவிட்டுப் போனார்கள்.

"நீங்க ஒழுங்கா சொன்னா நான் ஏன் தப்பா கேக்கப்போறேன்?" என்று அவளும் கத்திப்பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது நடந்தது 2008 ஐப்பசியில். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. இளமதியின் அண்ணன் உத்திராபதி, கண்ணாயிரத்தின் ஃபைபர் படகில் இன்னும் மூன்று பேரோடு விடியற்காலையில் கிளம்பிப் போனான். மழையை நம்பாமல் மற்ற படகுகள் அன்று கடலில் இறங்கவில்லை. கண்ணாயிரம் வயசானவர், படகு மட்டும்தான் அவருடையது, கடலுக்குப் போவதில்லை. படகுகள் திரும்பும் வரை மையத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

வெயில் ஏறிய நேரத்தில் செட்டு கரகரத்தது.

"சென்டர்... சென்டர்... இன்ஜினு..." நடுவில் ஒரே இரைச்சல். அப்புறம் அண்ணனின் குரல், "...தண்ணி ஓவர்."

அதோடு சரி. இளமதி பட்டனை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டாள். "அண்ணா! என்ன தண்ணி? சொல்லு! ஓவர், ஓவர்!" அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு இல்லை.

கண்ணாயிரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் வெளிறிவிட்டது. "போச்சு. அடில ஒட்டுப் போட்ட எடம் பிச்சிக்கிச்சு. தண்ணி உள்ள ஏறுது. தீவாளி முடிஞ்சி சரி பண்ணலாம்னு வுட்டுட்டேனே!"

"இருங்க பெரியப்பா. குடிக்கிற தண்ணி தீந்துபோச்சுன்னும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள் இளமதி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் சேதி பரவி உத்திராபதியின் மனைவி பொன்னி ஓடிவந்தாள். கேட்ட வார்த்தையை இளமதி அப்படியே சொன்னாள். பொன்னி அழவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தண்ணி ஓவரா? எனக்குத் தெரியும் இளமதி. விட்டுட்டேன் விட்டுட்டேன்னு கற்பூரம் அடிச்சுது ஒங்க அண்ணன். நடுக்கடல்ல போயி ஊத்திக்கிட்டு ஒளறுது. இதுக்கு எதுக்கு ஊரக் கூட்டுறீங்க?"

"அண்ணி, அண்ணன் வுட்டு ஒரு வருசம் ஆவுது..."

"நீ கூட இருந்து பாத்தியா?"

அண்ணன் குரல் கொஞ்சம் குழறலாகத்தான் இருந்ததோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் தட்டியது.

மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று சொல்லிக் கத்திக்கொண்டிருந்ததில் நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கதிர்வேல்தான் வந்து, "எந்தத் தண்ணியா இருந்தா என்ன, போயிப் பாத்தாத் தெரிஞ்சுடும்" என்று இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு தன் படகை இறக்கினான். தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஒன்று, குடிதண்ணீர் கேன் இரண்டு ஏற்றிக்கொண்டான்.

"எங்க மாமா தேடுவ?" என்று கேட்டாள் இளமதி.

"வலை போட்ட எடத்துலதான் இருப்பாங்க. நேரா கெழக்க போறேன்."

பொழுது சாயும்போது வெறும் படகாகத் திரும்பி வந்தான். வலை போடும் இடத்தில் ஒரு மிதவை கூடக் கண்ணில் படவில்லை. பொன்னி அதுவரை வீட்டில் சட்டிபானையை உருட்டிக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். கண்ணாயிரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இளமதி செட்டின் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு கசந்தது.

இருட்டுகிற நேரத்தில் கதிர்வேலின் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர். பரங்கிப்பேட்டையிலிருந்து உத்திராபதி பேசினான். நாலு பேரும் நன்றாக இருந்தார்கள். அந்த ஊர்ப் படகு ஒன்று அவர்களைக் கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்திருந்தது.

மறுநாள் பஸ் பிடித்து வந்தவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் மையத்துக்கு வந்து நின்றான். உதடெல்லாம் உப்பு பூத்து வெடித்திருந்தது.

"தெளிவாத்தானே சொன்னேன்? இன்ஜினு படுத்துடுச்சி, தண்ணி ஓவர்னு. இழுப்பு ஜாஸ்தி, தெக்கால அடிச்சிக்கினு போவுது, அந்தப் பக்கம் ஆள அனுப்புன்னு அர்த்தம். அதோட செட்டுல சார்ஜ் பூட்டுச்சி. நாங்க தெக்க போறோம், ஒம்புருசன் கெழக்க போயித் தேடுறான்!"

இளமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடலில் நீரோட்டத்தையும் தண்ணி என்றுதான் சொல்வார்கள். அந்த மாதத்தில் அது தெற்கே இழுக்கும் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"இழுப்புன்னு சொல்லக் கூடாதா அண்ணா? ஏன், ஓவர்னுதான் சொல்லணுமா?"

"நீதானே எல்லாத்துக்கும் ஓவர் சொல்லு, ஓவர் சொல்லுன்னு உசுர வாங்குன!"

பின்னாலேயே வந்த பொன்னி அழுகையும் சிரிப்புமாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க என்னத்தக் கண்டோம். நீ குடிச்சிட்டு ஒளறுறேன்னுல்ல நெனச்சோம்."

உத்திராபதி கையை உருவிக்கொண்டான். பொன்னியை விட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"நீயுமா பாப்பா அப்புடி நெனச்ச?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷச் சந்தேகம் குறுக்கே வந்து நின்றது. அவள் வாய் திறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

அந்த வாரமே இளமதி சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். கீழவீதிக்குப் பக்கத்தில் சபாபதி சாரின் வீடு. நடந்ததை எல்லாம் சொல்லி, "இந்த வார்த்தை எங்களுக்கு வேணாம் சார். வேற ஏதாவது தமிழ்ல வச்சிக்குடுங்க" என்று கேட்டாள்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சிரித்தார். "அதுல என்னம்மா குழப்பம்? ஓவர்னா நான் முடிச்சிட்டேன், நீ பேசு. அவ்வளவுதான்."

"உங்களுக்கு அவ்வளவுதான் சார். எங்களுக்கு அதுல பத்து இருக்கு."

"இங்கிலீஷ்லயே அதுக்கு நூறு அர்த்தம் இருக்கு. அகராதியில பக்கம் பக்கமா வரும். கப்பல்காரன் எவனாவது கொழம்புறானா? பயிற்சி போதலை. நாளைக்குப் பெரிய கப்பலோட பேச வேண்டி வந்தா நீ உன் இஷ்டத்துக்குப் பேசுவியா?"

"எங்க படகு எந்தக் கப்பலோட சார் பேசப்போவுது? எங்கிட்டதானே பேசுது!"

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். சார் பேச்சை மாற்றி, மையத்தில் மின்சாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று விசாரித்தார். இளமதி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கெட்ட மனிதர் இல்லை. அதனால் அவரிடம் கோபத்தைக் கூடச் சரியாகக் காட்ட முடியவில்லை. கடலூர் வரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, சொல்லாமல் விட்ட பதில்களை எல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் படகுக்காரர்களை அவளே கூப்பிட்டாள். "இனிமே ஓவர் கெடையாது. பேசி முடிச்சதும் 'சொல்லு'ன்னு சொல்லுங்க. தண்ணின்னா எந்தத் தண்ணின்னு சொல்லுங்க. சார் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." சிலர் சிரித்தார்கள். "அன்னைக்கி நாம பட்டது பத்தாதா? சொல்றதக் கேளுங்கடா" என்று கண்ணாயிரம் ஒரு அதட்டல் போட்டார். படகு அடியை அதற்குள் அவர் சரிபண்ணியிருந்தார். உத்திராபதி கூட்டத்துக்கு வரவில்லை.

பாதிப் பேர் மாறினார்கள். மீதிப் பேர் பழக்கத்தில் ஓவர் என்றே சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரையும் மறித்து மறித்துக் கேட்க வேண்டியிருந்தது. "நொய்நொய்ங்காத" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பொன்னி வந்து, "என்கிட்ட பேசிடுச்சி, ஒன்மேலதான் கோவம் ஆறல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் ஒரு நாள் அவன் படகு கூப்பிட்டது.

"சென்டர். மீனு கம்மி. இன்ஜினு நல்லாருக்குது. இழுப்பு அவ்வளவா இல்ல. திரும்பிக்கிட்டிருக்கோம். சொல்லு."

பாப்பா என்று கூப்பிடவில்லை. இளமதி பட்டனை அமுக்கினாள். நான் அப்படி நினைத்தது ஒரே ஒரு நிமிஷம்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் செட்டில் பேசுவதைக் கடலில் இருக்கும் அத்தனை படகும் கேட்கும்.

"சரிண்ணா. பாத்து வா. சொல்லு" என்றாள்.

இரைச்சல் மட்டும் வந்தது. பின்னாலேயே வேறொரு படகு குறுக்கே புகுந்து கூப்பிட ஆரம்பித்தது.