வெள்ளிக்கிழமைச் சாட்சிகள்

வெள்ளிக்கிழமை காலை ஆனால் போதும், மைசூரின் சின்ன வியாபாரிகள் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டல் மாடியில் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு நிமிடம் எழுந்து தன் தொழிலைப் பீற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் இன்னொருவர் தொழிலைப் புகழ வேண்டும். 'இவர் எனக்கு வேலை செய்து கொடுத்தார், பிரமாதம்' என்று ஒருவர் அளக்க, மற்றவர்கள் கைதட்ட, அடுத்த வாரம் அந்தப் புகழ் இவருக்குத் திரும்பி வரும். அங்கே கலப்படமில்லாதது மசால் தோசை ஒன்றுதான் என்பது அஷ்வினியின் முடிவு.

அஷ்வினி, சின்னத் தொழிற்சாலைகள் தரச் சான்றிதழ் வாங்க ஆலோசனை சொல்பவள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கியிருந்தாள். வாடிக்கையாளர் பிடிக்கத்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள், ஒருவரும் சிக்கவில்லை. இந்த மாதமும் கிடைக்காவிட்டால் பழைய மேனேஜர் முன்னால் போய்ப் பல்லை இளிக்க வேண்டும். அப்படியும் இதுவரை யாரையும் அவள் புகழ்ந்ததில்லை. கண்ணால் பார்க்காததற்குச் சாட்சி சொல்ல அவளென்ன இந்தக் கும்பலில் ஒருத்தியா?

அன்று விருந்தாளியாக வந்தவர் சென்னிமலை. கர்நாடக எல்லைத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர், நஞ்சன்கூட்டில் மசாலாப் பொடி யூனிட் வைத்திருக்கிறார். அத்தனை பேரும் விசிட்டிங் கார்டும் கையுமாக அவரை மொய்த்தார்கள். அஷ்வினி தன் கார்டைக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. தன் முறை வந்தபோது உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் விடவில்லை. "ஏனுங்க அம்மிணி, எங்களுக்கும் அந்தச் சர்டிபிகேட் வேணுமுங்க. இங்க யாருக்காச்சும் செஞ்சு குடுத்திருக்கறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முரளிதரன் எழுந்தான். மண்டி மொஹல்லாவில் அட்டைப்பெட்டி செய்து விற்பவன். இருப்பதிலேயே பெரிய வாய்ச்சவடால் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த ஆள்.

"எனக்குச் செஞ்சாங்க சார். சும்மனே சொல்லலை, மேடம் வந்தப்புறம்தான் நம்ம ஃபேக்டரி ஃபேக்டரி மாதிரி ஆச்சு."

அவன் ஃபேக்டரி இருக்கும் சந்துக்குக்கூட அவள் போனதில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைதட்டல் கிளம்பியது. அஷ்வினி சிரித்து வைத்தாள்.

"அப்ப திங்கக்கெழமை யூனிட்டுக்கு வந்துடுங்க," என்றார் சென்னிமலை. அடுத்து முரளிதரன் பக்கம் கையைக் காட்டினார். "இவரு பெட்டி எப்படிங்க அம்மிணி? எங்களுக்கு மாசாமாசம் நெறைய வேணும்."

முரளிதரன் அவளைப் பார்த்தான். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உப்பைக் கேட்கிறவன் மாதிரி, வெகு சாதாரணமாகப் பார்த்தான். போன வருஷம் வீடு மாறியபோது, கடையில் வாங்கிய அவன் பெட்டி அடி பிளந்து, அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் நடுத்தெருவில் உருண்டிருந்தன.

"நானே வாங்கியிருக்கேன் சார். நல்ல உறுதி," என்றாள் அஷ்வினி. குரல்கூடப் பிசிறவில்லை.

அறை அதிரக் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வந்து கைகுலுக்கினார். இத்தனை நாள் அவள் அற்பமாக நினைத்தவர்களில் ஒருவர்கூட அவளை அற்பமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.